திருவண்ணாமலையில் மகப்பேற்று முன்னேற்பாடும் சேய் பராமரிப்பும்

மகப்பேற்று முன்னேற்பாடு என்பது ஒரு பெண் கருவுறுவதற்கு முன்பிருந்தே அவளது உடல்நிலையையும் குடும்பச் சூழலையும் பிள்ளைப்பேற்றுக்கு ஆயத்தப்படுத்துதல் ஆகும். பிறந்தது முதல் 28 நாள் வரையுள்ள குழந்தை பச்சிளங்குழந்தை எனப்படுகின்றது. தமிழ்நாட்டில் கருக்காலமும் மகப்பேறும் பெரும்பாலும் அரசின் பதிவேட்டுக்குள்ளும் மருத்துவமனைக்குள்ளும் வந்துவிட்டன. 2019-21 ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசிய குடும்பநல ஆய்வின்படி மாநிலத்தில் 99.6 விழுக்காடு மகப்பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. ஆனால் கருவுறுவதற்கு முன்னுள்ள சில மாதங்களும், குழந்தை வீடு திரும்பிய பின் வரும் முதல் சில வாரங்களும் இன்றும் பெரிதும் குடும்பத்தின் பொறுப்பிலும் வழக்கத்தின் பொறுப்பிலுமே உள்ளன. பிள்ளை வரம் வேண்டுவோர் திரளும் தலமான திருவண்ணாமலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விரு காலங்களையும் இக்கட்டுரை முதன்மையாக விவரிக்கின்றது.

பிள்ளை வேண்டுதலும் கரும்புத் தொட்டிலும்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் குழந்தைப்பேறு வேண்டுவோர் நேர்ந்துகொண்டு, குழந்தை பிறந்த பின் கரும்புத் தொட்டில் சுமந்து கடனைச் செலுத்துவது நெடுநாள் வழக்கமாகும். கரும்புக் கழிகளைச் சேர்த்துக் கட்டி, அதில் சேலையைத் தூளியாகத் தொங்கவிட்டு, உள்ளே குழந்தையைக் கிடத்தி, கணவனும் மனைவியும் இரு முனைகளையும் தாங்கியபடி மாட வீதிகளை வலம் வருவர். கார்த்திகைத் தீபப் பெருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டத்தின்போது இக்காட்சியை மிகுதியாகக் காணலாம்.

இவ்வழக்கத்தை வல்லாள மகாராசன் கதையோடு இணைத்துக் கூறுவர். போசள அரசன் மூன்றாம் வல்லாளன் 14 ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையைத் தன் தலைநகரங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தான். பிள்ளையில்லாத அவனுக்கு இறைவனே குழந்தையாகத் தோன்றி, அவனது ஈமக் கடனைத் தானே செய்வதாக வாக்களித்தார் என்பது தலபுராணச் செய்தி. சைவ எல்லப்ப நாவலர் இயற்றிய அருணாசல புராணத்தில் இக்கதை இடம்பெறுகின்றது. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அருகிலுள்ள பள்ளிகொண்டாப்பட்டில் அண்ணாமலையார் வல்லாளனுக்குத் திதி கொடுக்கும் நிகழ்வு நடைபெறுகின்றது. இத்தலத்து இறைவியின் பெயர் உண்ணாமுலையம்மன், அதாவது பாலுண்ணப்படாத முலையினள். பிள்ளை கேட்டும் பால் சுரக்க வேண்டியும் பெண்கள் கைகூப்புவது இப்பெயருடைய தாயின் முன்னிலையில்தான்.

மருத்துவ நோக்கில் இவ்வேண்டுதலுக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. ஒரு பெண் கருவுற விரும்புகிறாள் என்பது கருவுறுவதற்கு முன்பே வெளிப்படும் தருணங்கள் மிகக் குறைவு. நேர்ந்துகொள்ளும் நாள் அவற்றுள் ஒன்று. கீழ்வரும் கணக்கை நோக்கினால், மாத்திரை தொடங்க வேண்டிய நாளும் ஏறத்தாழ அதுவே என்பது புலப்படும்.

கருவுறுவதற்கு முன்

கருவின் மூளையும் தண்டுவடமும் நரம்புக்குழல் என்னும் அமைப்பிலிருந்து உருவாகின்றன. இக்குழல் கருவுற்ற ஏறத்தாழ 28 ஆம் நாளில் முழுவதும் மூடிக்கொள்கின்றது. மூடாது போனால் தண்டுவடப் பிளவு, மூளையின்மை முதலிய பிறவிக் குறைபாடுகள் ஏற்படும். இறுதி மாதவிடாயின் முதல் நாளைத் தொடக்கமாகக் கொண்டால் கருவுறுதல் சுமார் 14 ஆம் நாள். மாதவிடாய் தவறுவது 28 ஆம் நாள். குழல் மூடுவது 42 ஆம் நாள். கருவைப் பதிவு செய்துகொள்ள வலியுறுத்தப்படும் 12 வார எல்லை 84 ஆம் நாளில் வருகின்றது. ஆகவே விதிப்படி காலம் தவறாமல் பதிவு செய்துகொண்ட பெண்ணுக்குக்கூட, அங்கே கிடைக்கும் முதல் ஃபோலிக் அமில மாத்திரை குழல் மூடிய பிறகு சென்று சேரக்கூடும். இதில் யாருடைய கவனக்குறைவும் இல்லை. ஏற்பாடு தொடங்கும் இடமே பிந்தியது.

கருவுறத் திட்டமிடும் ஒவ்வொரு பெண்ணும் அதற்கு முயலத் தொடங்கும் நாளிலிருந்து, கருக்காலத்தின் 12 வாரம் வரை நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ள வேண்டும் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் பரிந்துரை. முன்பு நரம்புக்குழல் குறைபாடுள்ள குழந்தையைப் பெற்றவர்களுக்கு இதைவிடப் பன்மடங்கு கூடிய அளவு தேவை; அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றம் 1991 இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய பெண்கள் கருவுறுவதற்கு முன்பிருந்தே நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் உட்கொண்டதால் குறைபாடு மீண்டும் ஏற்படுவது 72 விழுக்காடு தடுக்கப்பட்டது.

இவ்வூட்டச்சத்தின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1928 முதல் பம்பாயில் கருவுற்ற ஆலைத் தொழிலாளப் பெண்களிடையே காணப்பட்ட கடுமையான இரத்தச்சோகையை ஆராய்ந்தார். பின்னர் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என அறியப்படும் கோஷா மருத்துவமனையிலும் பணியாற்றினார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் இச்சோகை குணமாவதை 1931 இல் அவர் வெளியிட்டார். அதிலிருந்த, அன்று பெயர் தெரியாத பொருள் வில்ஸ் காரணி எனப்பட்டது. 1941 இல் அது பசலைக் கீரையிலிருந்து பிரிக்கப்பட்டபோது, இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்னும் பெயரைப் பெற்றது. கீரையிலும் பயறு வகைகளிலும் இச்சத்து உள்ளது. எனினும் நெடுநேரம் வேகவைக்கும்போது பெரும்பகுதி அழிந்துவிடுவதால், கருவுற விரும்பும் பெண்கள் கீரையை மட்டும் நம்பி மாத்திரையைத் தவிர்த்தல் ஆகாது.

கருவுறுவதற்கு முன்பே செய்துகொள்ள வேண்டியவை வேறு சிலவும் உண்டு. இரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளலாம். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த பின் கருவுறுவது குழந்தையின் இதயக் குறைபாடுகளைக் குறைக்கும். ருபெல்லா தடுப்பூசி போடாதவர்கள் போட்டுக்கொண்டு ஒரு மாதம் பொறுத்திருக்க வேண்டும். வலிப்பு நோய்க்கான வால்ப்ரோயிக் அமிலம் போன்ற மருந்துகள் கருவுக்குத் தீங்கானவை. அவற்றைத் தானாக நிறுத்தாமல், மருத்துவரைக் கலந்து முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு பேற்றுக்கும் அடுத்த கருவுறுதலுக்கும் இடையில் 24 மாத இடைவெளி விரும்பத்தக்கது.

தமிழ்நாட்டில் அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்னும் முறைகளில் இரத்த உறவுத் திருமணம் இன்றும் பரவலாக உள்ளது. பொதுவாகப் பிறவிக் குறைபாட்டின் வாய்ப்பு நூற்றுக்கு 2 முதல் 3 வரை எனில், அத்தை, மாமன் மக்களுக்கிடையிலான திருமணத்தில் அது ஏறத்தாழ இரு மடங்காகின்றது. எனவே இத்தகைய இணையரில் மிகப் பெரும்பான்மையோருக்குக் குறையற்ற குழந்தைகளே பிறக்கின்றன. இருப்பினும் குடும்பத்தில் காரணம் தெரியாத குழந்தை இறப்போ, பிறவிச் செவிடோ இருந்தால் மரபியல் ஆலோசனை பெறுவது நலம்.

ஓராண்டு முயன்றும் கருவுறாத நிலையே மகப்பேறின்மை எனப்படுகின்றது. 35 வயது கடந்த பெண்கள் ஆறு மாதத்திலேயே மருத்துவரை நாட வேண்டும். இத்தகைய இணையரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கின்றது. ஆண்டுக்கணக்கில் மனைவியை மட்டும் சோதனைக்கு அனுப்பிவிட்டு, எளிதான விந்துச் சோதனையைக் கணவன் கடைசிக்குத் தள்ளிவைப்பது பொருளற்றது.

பதிவும் தாய்வீடும்

தலைச்சன் பேறு தாய்வீட்டில் என்பது தமிழர் வழக்கம். ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்ததும் பெண் வேறு ஊருக்கும், பல வேளைகளில் வேறு மாவட்டத்துக்கும் செல்கிறாள். பெங்களூரில் வேலை பார்க்கும் குடும்பத்துப் பெண் பேறுகாலத்துக்குச் செங்கத்துக்கோ போளூருக்கோ வருவது இங்கு இயல்பான செய்தி. அதுவரை அவளைக் கண்காணித்த செவிலியரின் குறிப்பேடு அவளோடு வருவதில்லை. இச்சிக்கலுக்குத் தீர்வாகத் தமிழ்நாட்டில் 2008 முதல் பிக்மி என்னும் கணினிவழிப் பதிவு முறை நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு கருவுக்கும் ஓர் அடையாள எண் அளிக்கப்படுகின்றது. மாநிலத்துக்குள் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அவ்வெண்ணைக் கொண்டு முந்தைய பரிசோதனைகளைக் காணலாம். 2017 முதல் பிறப்புச் சான்றிதழ் பெறுவதற்கும் இவ்வெண் தேவைப்படுகின்றது.

டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டமும் இப்பதிவோடு இணைக்கப்பட்டுள்ளது. புதுக்கோட்டையில் 1886 இல் பிறந்த மருத்துவரும் இந்தியாவின் முதற் பெண் சட்டமன்ற உறுப்பினருமான அவரது பெயரால் 1987 இல் 300 ரூபாயுடன் இத்திட்டம் தொடங்கியது. உதவித்தொகை 2006 இல் 6,000 ரூபாயாகவும், 2011 இல் 12,000 ரூபாயாகவும், 2018 இல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. 2018 இன் தொகையில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வழங்கப்பட்டது.

கருக்காலம்

இக்காலத்துப் பராமரிப்பு ஓரளவு செம்மையாக நடைபெறுவதால் இங்கு இரண்டு செய்திகள் மட்டும் குறிக்கப்படுகின்றன. ஒன்று இரத்தச்சோகை. மேற்கூறிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இரத்தச்சோகை உடையவர்கள். மூன்றாம் மாதத்துக்குப் பின் நாளொன்றுக்கு ஒன்றாக 180 நாள்களுக்கு இரும்புச்சத்து மாத்திரைகள் அளிக்கப்படுகின்றன. மாத்திரையோடு காப்பியோ தேநீரோ அருந்தினால் சத்து உடலில் சேர்வது குறைகின்றது. எலுமிச்சைச் சாறு அதைக் கூட்டுகின்றது. மலம் கறுப்பது மருந்தின் இயல்பான விளைவு. அதைக் கண்டு அஞ்சி நிறுத்தத் தேவையில்லை.

மற்றொன்று கருக்கால நீரிழிவு. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வீ. சேஷய்யா எளிய சோதனை முறை ஒன்றைப் பரப்பினார். பெண் உணவு உண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோசு கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை 140 மில்லிகிராம் அளவை எட்டியுள்ளதா எனப் பார்ப்பதே அது. வெறும் வயிற்றோடு தொலைவிலிருந்து பேருந்தில் வர வேண்டியதில்லை என்பதால் சிற்றூர்ப் பெண்களுக்கு இது பொருத்தமாக அமைந்தது.

மாவட்டத்தின் மேற்கில் உள்ள ஜவ்வாது மலையின் நிலை வேறானது. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் பல சிதறிக் கிடக்கின்றன. வலி கண்ட பின் வண்டிக்குச் சொல்லி அனுப்பினால், வண்டி வருவதும் மலையிறங்குவதும் சேர்ந்து பொன்னான நேரத்தை விழுங்கிவிடும். இதனால் தமிழ்நாட்டின் மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பேறுகாலக் காத்திருப்பு அறைகள் அமைக்கப்பட்டன. குறித்த நாளுக்குச் சில நாள் முன்பே துணைக்கு ஒருவருடன் வந்து தங்குவதே இதன் முறை. வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் யார் பார்த்துக்கொள்வது என்னும் கேள்விக்கு விடை இருந்தால்தான் தாய் வந்து தங்குவாள்.

முதல் மணியும் முதல் வாரமும்

பிறந்த குழந்தையைத் துடைத்து, தாயின் வெற்று மார்பில் கிடத்தி, ஒரு மணி நேரத்துக்குள் பாலூட்டத் தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 60 விழுக்காடு குழந்தைகளே இவ்வாறு பாலூட்டப்பட்டதாக 2019-21 ஆய்வு காட்டியது. ஏறத்தாழ எல்லாப் பேறுகளும் மருத்துவ நிலையத்தில் நடக்கும் மாநிலத்தில் இவ்வெண் வியப்புக்குரியது. 44.9 விழுக்காடு பேறுகள் அறுவை முறையில் நடந்தமை ஒரு காரணமாகலாம். ஆயினும் அறுவைக்குப் பின்னும் தாய் விழித்திருந்தால் செவிலியர் துணையோடு பாலூட்ட முடியும்.

முதல் இரண்டு மூன்று நாள் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால் அளவில் சிறிது. நோயெதிர்ப்புப் பொருள்கள் செறிந்தது. முதல் நாளில் குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவே போதும் என்பதால் 'பால் வரவில்லை' என்னும் கலக்கம் பெரும்பாலும் தேவையற்றது. பசுவின் சீம்பாலை வெல்லமிட்டு அவித்து அண்டை வீட்டாருக்கும் பகிர்ந்துண்ணும் குடும்பங்கள், தாயின் சீம்பாலைக் கெட்ட பால் எனப் பீய்ச்சிக் களைந்தமை விந்தையே.

சீம்பாலின் இடத்தைப் பிடித்துக்கொள்வது சேனை. நற்குணமுடைய பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ குழந்தையின் நாவில் தொட்டு வைத்தால், அவர் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்து, ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலில் முளைத்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். தெருவில் விற்கப்படும் காய்ச்சாத கழுதைப்பாலும் தொற்றுக்கு வழியாகும். பெரியவரின் மனம் நோகாமலிருக்க, சில வீடுகளில் தாயின் சீம்பாலையே கிண்ணத்தில் எடுத்து அவர் கையால் தொட்டு வைக்கச் செய்கின்றனர். இது நல்ல வழி.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதுமானது. வெயில் கடுமையான சித்திரையிலும் தண்ணீர் தேவையில்லை. முதல் நாள்களில் குழந்தையின் எடை பத்தில் ஒரு பங்கு வரை குறைந்து, இரண்டு வாரத்துக்குள் மீள்வது இயல்பு. முதல் வாரம் முடிவதற்குள் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழித்தால் பால் போதுமானதாக உள்ளது எனக் கொள்ளலாம். குளிப்பாட்டுவதை முதல் 24 மணி நேரத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும். தொப்புள்கொடியில் சாம்பலோ மஞ்சளோ எண்ணெயோ தடவாமல் உலரவிட வேண்டும். 2.5 கிலோகிராமுக்குக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வெப்பம் காக்கும் முறை, 1970 களின் இறுதியில் கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் கருவிகள் போதாமல் தோன்றியது. இன்று அது உலகெங்கும் பரிந்துரைக்கப்படுகின்றது. தந்தையும் பாட்டியும்கூட இவ்வாறு அணைத்துக்கொள்ளலாம்.

பாட்டி வைத்தியம்

காலை நீட்டி அதில் குழந்தையைக் கிடத்தி எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பாட்டும் கை, தலைமுறை தலைமுறையாக வந்த திறமை. மென்மையாக எண்ணெய் தேய்ப்பது நன்மையே தரும். மூக்கில் எண்ணெய் விடுவது நுரையீரல் அழற்சிக்குக் காரணமாகலாம். சாம்பிராணிப் புகையை முகத்துக்கு நேராகக் காட்டுவதும் தவிர்க்கத்தக்கது.

சுக்கு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், வசம்பு ஆகியவற்றைக் கல்லில் உரைத்துக் கொடுப்பது உரைமருந்து. இவற்றுள் வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே ஒரு பெயருண்டு. ஆயினும் வசம்பில் பீட்டா-அசரோன் என்னும் நச்சுத்தன்மையுள்ள பொருள் இருப்பதால், அதை உணவில் சேர்ப்பதை அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1968 இல் தடை செய்தது. உரசல் எத்தனை சுற்று என்பது கைக்குக் கை மாறும். பச்சிளங்குழந்தைக்கு இவற்றை உள்ளே கொடுக்காதிருத்தல் பாதுகாப்பானது. வசம்பை வளையலாகக் கையில் கட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும் வீடுகளும் உள்ளன, எனினும் வாயில் வைத்துச் சப்பும் பருவம் வந்ததும் கழற்றிவிட வேண்டும். கடையில் விற்கும் கண்மை சிலவற்றில் ஈயம் காணப்பட்டுள்ளது. தூளியில் கிடத்தும்போது முகம் வெளியே தெரிய வேண்டும். தாடை மார்பில் மடங்கி மூச்சு தடைப்படக் கூடாது.

தாயின் பத்தியத்தில் கருவாடும் சுறாப்புட்டும் புரதச் சத்துக்கு உதவுவன. காயும் கனியும் தண்ணீரும் குறைக்கப்படுவதுதான் தவறு. பாலூட்டும் தாய்க்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ 600 கிலோகலோரி கூடுதலாகத் தேவை. 2015 இல் தொடங்கப்பட்ட அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் கொசுவலை, துண்டு, நகவெட்டி முதலிய 16 பொருள்களுள் ஒன்றாகத் தாய்க்கான சௌபாக்கிய சுண்டி லேகியமும் இடம்பெற்றிருந்தது. மரபு மருத்துவத்துக்கு அரசு அளித்த இடத்துக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

வீட்டில் கவனிக்க வேண்டிய ஆபத்துக் குறிகள்

குழந்தை இறப்புகளில் பெரும்பகுதி முதல் 28 நாளுக்குள் நிகழ்கின்றது. மராட்டிய மாநிலம் கட்சிரோலியில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் இணையர், ஊர்ப் பெண்களுக்கே பயிற்சியளித்து வீடுதோறும் பச்சிளங்குழந்தைகளைப் பார்வையிடச் செய்தனர். பச்சிளங்குழந்தை இறப்பு ஏறத்தாழ 62 விழுக்காடு குறைந்ததை அவர்கள் 1999 இல் வெளியிட்டனர். இந்திய அளவில் 3, 7, 14, 21, 28, 42 ஆம் நாள்களில் வீட்டுக்குச் சென்று பார்க்கும் முறை இதிலிருந்து உருவானதே. தாய்வீட்டுக்குச் சென்றவர்கள் அவ்வூர் கிராம சுகாதார செவிலியருக்குத் தகவல் கொடுத்தால்தான் இப்பார்வை தொடரும்.

பால் குடிக்க மறுத்தல் அல்லது நன்றாகக் குடித்த குழந்தை சோர்ந்துபோதல், வலிப்பு, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குதல், மூச்சு இழுக்கையில் மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல், உடல் சுடுதல் அல்லது தொட்டால் சில்லிடுதல், முதல் நாளிலேயே மஞ்சள் காணுதல் அல்லது உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவுதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் 108 வண்டியை அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளுக்கு இளவெயிலில் காட்டினால் போதும் என நாள் கடத்துவதும், தோஷம் அல்லது சீர் என மந்திரிக்கக் கொண்டுபோய் இரவைக் கழிப்பதும் உயிரிழப்பில் முடியக்கூடும். மந்திரிப்பவரிடம் மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகும் செல்லலாம்.

தொட்டில் நாள்

பிறந்தவுடன் காசநோய், இளம்பிள்ளைவாதம், கல்லீரல் அழற்சி பி ஆகியவற்றுக்கான தடுப்பு மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. 6, 10, 14 ஆம் வாரங்களில் அடுத்த தவணைகளும் 9 ஆம் மாதத்தில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசியும் வரும். கார்த்திகைத் தேரோட்டத்தில் இலட்சக்கணக்கானோர் கூடுவர். ஆகவே 14 வாரத் தவணை முடியாத குழந்தையை அக்கூட்டத்துக்குள் கொண்டுசெல்லாமல், கடனை அடுத்த கார்த்திகைக்கோ கூட்டம் குறைந்த நாளுக்கோ ஒத்திவைப்பது அறிவுடைமை. செல்வோர் வெயிலேறுமுன் வலத்தை முடித்து, நடுவில் ஓரிடத்தில் அமர்ந்து பாலூட்டிக்கொள்ளலாம். மழையும் பனியும் கலந்த பருவமாதலால் தலைக்குல்லாயும் மாற்றுத் துணியும் வேண்டும்.

இவ்வாறு வந்த குழந்தைகள் பலருக்கு அண்ணாமலை, அருணாசலம், அருணா எனப் பெயரிடுவதுண்டு. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அப்போது பெயர் முடிவாகாவிட்டாலும், தொட்டில் சுமந்த பிறகே பெயரிடுவது என நேர்ந்திருந்தாலும், பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைப் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.